நிலுவை இல்லை என்று சொல்ல இரண்டு மணி நேரம்

நேற்று சாயந்திரம் கூட்ட அறைக்குள் போண்டா வாசனை வந்தது. அந்த எண்ணெய் வாசனை வந்துவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எவரும் எழுந்திருக்க முடியாது என்று அர்த்தம். உடனே உன்னைத்தான் நினைத்தேன். நினைத்தேன் என்று மரியாதைக்காக எழுதுகிறேன், உண்மையில் மனசுக்குள் உன்னைத் திட்டினேன். செத்துப் போனவளை யாராவது திட்டுவார்களா என்று கேட்காதே. எட்டு மாதம் ஆகியும் உன் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. இன்று சனிக்கிழமை, லீவு. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் இந்த ஆபீஸில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வயது. வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாரிடம் வழி கேட்பது என்று தெரியாமல் நின்றபோது, நீயும் என்னைப் போலவே வேலை ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். மேசையும் எதிரெதிராகத்தான் அமைந்தது. அதற்கப்புறம் பதினாறு வருடம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலை செய்தேன். என் வேலையை வேலை என்று சொன்னால் நீ சிரிப்பாய். எனக்கு வாய் ஜாஸ்தி, வேலை கம்மி.

உன் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது. சேர்ந்த வாரமே அதைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டாய். "நாற்காலி போட்டா ஊர்க்கதை வந்து உக்காந்துக்கும்" என்றாய். மனு கொடுக்க வருகிறவர் வயதானவராக இருந்தால் மட்டும் உன் நாற்காலியையே அவரிடம் தள்ளிவிட்டு, நீ நின்றுகொண்டே எழுதுவாய். தபாலைக் காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், அவ்வளவுதான் பிரிப்பாய். ஒரு ஃபைலைக் கையில் எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்க மாட்டாய். பாதியில் வைத்தால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும், அந்த நேரம் தண்டம் என்பது உன் கணக்கு. பௌர்ணமி அன்று கிரிவலத்துக்காக பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டார்கள், கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்று நான் பதினொரு மணிக்கு வந்து நிற்பேன். "பௌர்ணமி எப்பனு காலண்டர்ல போன வருஷமே போட்டுட்டான்டி" என்பாய், தலையைத் தூக்காமலே.

அடி அண்ணாமலையிலிருந்து மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? என்னுடைய பிரிவு வேலைதான் அது. திங்கட்கிழமை வாங்க, வியாழக்கிழமை வாங்க என்று நான் மூன்று தரம் திருப்பி அனுப்பியிருந்தேன். நான்காவது தரம் அவர் வந்தபோது நான் டீக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவர் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நீ என் ஃபைலை எடுத்து நின்றபடி எழுதிக்கொண்டிருக்கிறாய். கால் மணி நேரத்தில் அவர் கையில் பேப்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டாய். எனக்குக் கோபமான கோபம். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தினேன்.

"அவரு நாத்து பறிக்கிறத விட்டுட்டு வந்திருக்காரு. அது அவரோட நாளு. நாம யாரு அதை எடுத்துக்க? திருடாம இருக்கிறதும் எங்களுக்கு ஒரு விரதம்தான்" என்றாய்.

உங்கள் விரதங்களில் இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் படக்கூடாது. நயினார் என்கிற உங்கள் தமிழ்ச் சமண வீடுகளில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். இந்த ஆபீஸில் அதை நீ சொன்னது என்னிடம் மட்டும்தான். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், நீ தினமும் இரண்டு டப்பா எடுத்து வருவாய் என்பது. மத்தியானத்துக்கு ஒன்று. இன்னொன்று சின்னது, எவர்சில்வர், மூடியில் லேசாக நசுங்கியிருக்கும். ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, மலை தெரிகிற ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அதைத் திறப்பாய். சுகர் வந்த பிறகு அநேகமாக கோதுமை ரவை உப்புமாதான். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துவிடுவாய். பகலில் ஒரு நிமிடத்தைக்கூட நீ சிந்தவிடாததற்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் இந்தப் புது அதிகாரி வந்தார். பகல் முழுக்க அவர் அறையில் ஃபோனும் சிரிப்பும் காப்பியுமாகப் போகும். பார்க்க வந்தவர்கள் வராந்தாவில் காய்ந்து கிடப்பார்கள். ஐந்து மணி அடித்தால்தான் மனிதருக்குச் சுறுசுறுப்பு வரும். செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்கு ஆய்வுக் கூட்டம் என்றார். ஒவ்வொரு பிரிவும் தன் நிலுவைப் பட்டியலை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அதே பட்டியல் காலையிலேயே அவர் மேசைக்குப் போயிருக்கும், வாட்ஸப்பிலும் போயிருக்கும். இருந்தாலும் காதால் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

முதல் கூட்டம் நடந்த நாளைச் சொல்ல வேண்டும். அன்று காலையில் என் பெண் பரீட்சையில் தோற்றுப்போன விஷயத்தை உன்னிடம் சொல்லி அழ வந்தேன். கையில் ஃபைல் இருந்தது உனக்கு. "சாப்பாட்டுல சொல்லுடி, முழுசா கேக்கறேன்" என்றாய். மத்தியானம் நீ முழுசாகக் கேட்டாய்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். ஆனால் காலையில் திருப்பி அனுப்பினாயே, அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சாயந்திரம் ஐந்தே முக்கால் ஆனதும் நீ எழுந்தாய். "என் பட்டியல் குடுத்துட்டேன் சார். வேலை முடிஞ்சது, போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். ஃபோனில் இருந்த அதிகாரி அதை வைத்துவிட்டு, "யாரு அந்தம்மா? எங்க போறாங்க?" என்று கேட்டார்.

நான்தான் பதில் சொன்னேன். "அவங்க மணி பாத்துக் கிளம்பிடுவாங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் விரதத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், உன் மாத்திரையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் உனக்கு மெமோ வந்தது. கூட்டம் முடியும்வரை நேரில் இருக்க வேண்டும், உன் பிரிவின் பட்டியலை நீயே வாசிக்க வேண்டும், அதுவும் கடைசியாக. நீ அதைப் படித்து, மடித்து, ஃபைலில் கோத்தாய். "யாரோ ஏத்திவிட்டிருக்காங்க போலருக்கு" என்று நானே ஆரம்பித்தேன், திருட்டுப் பூனை மாதிரி. நீ அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டே, "யாருனு கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன்" என்றாய்.

அதற்கப்புறம் ஆறு மாதம். வாரத்துக்கு இரண்டு நாள் ஏழு மணி, ஏழேகால். அத்தனை பேரும் தங்கள் நிலுவையை ராகம் போட்டு வாசித்து முடித்த பிறகு, உன் முறை வரும். நீ எழுந்து, "நிலுவை இல்லை சார்" என்று சொல்லி உட்காருவாய். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல உன்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் போய், மலை கறுத்து, விளக்கு எரியத் தொடங்கும். போண்டாத் தட்டு உன் முன்னால் வந்து தள்ளிப் போகும். ஆபீஸ் நேரத்தில் திறப்பதும் உனக்குத் திருட்டு என்பதால், டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகும். அன்று ராத்திரி பட்டினி. மறுநாள் காலையில் முகம் வெளுத்து வந்து, முதல் தபாலைப் பிரிப்பாய்.

உன்னிடம் எத்தனை தரம் கெஞ்சினேன். "ஒரு வார்த்தை சொல்லு. பொழுது போனா சாப்பிட மாட்டேன், சுகர் இருக்குனு சொல்லு. விட்டுடுவாரு" என்றேன். நீ சொல்லவில்லை. நான் சொல்கிறேன் என்றால் அதற்கும் விடவில்லை.

"விரதத்தைக் காட்டி சலுகை கேக்க மாட்டேன்டி. வேலை முடிஞ்சா ஆளு கிளம்பலாம். அதுக்கு மேல காரணம் எதுக்கு? நான் இன்னிக்கு விரதத்தைச் சொல்லித் தப்பிச்சா, நாளைக்கு விரதமில்லாத நீ என்னத்தைச் சொல்லுவே?"

பெரிய நியாயம்! அந்த நியாயத்தைக் கட்டிக்கொண்டு என்னத்தைக் கண்டாய்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாய். இதயம் என்றார் டாக்டர். அந்தக் கூட்டங்களால்தான் செத்தாய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சொல்ல வேண்டும் என்று வெறியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு நடத்திய இரங்கல் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். அதையும் ஐந்து மணிக்குத்தான் வைத்தார்கள். அதிகாரி வந்தது ஆறரைக்கு. நேரத்தின் அருமை தெரிந்தவர் என்று உன்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம், அரை நிமிடத்தில் அவர் ஃபோன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். உன் படத்துக்கு முன்னால், இருட்டிய பிறகு, போண்டா கொடுத்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். தின்னக் கூடாது என்று ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் பசித்தது, தின்றுவிட்டேன். அந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ கழுவி வைத்து மறந்துபோன உன் சின்ன டப்பா ரேக்கிலேயே இருந்தது. உன் வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. போன மாதம் ஒருநாள் அதைத் தேய்த்துக் கழுவினேன். அன்றிலிருந்து என் ஃபைல்களையும் உன் மாதிரியே எடுத்தால் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். நாக்கை அடக்கத்தான் பெரும்பாடு. எதிரே கிடந்த நாற்காலியை எடுத்து வராந்தாவில் போட்டேன், இரண்டு தரம் நானே போய் அதில் உட்கார்ந்து கதையளந்தேன். எப்படியோ நேற்று மத்தியானத்துக்குள் என் மேசை காலியானது. பதினாறு வருடத்தில் முதல் தரம். டப்பாவில் உப்புமா வைத்திருந்தேன். ஒவ்வொரு கூட்ட நாளும் வைத்து எடுத்து வருவேன், தைரியம் வராமல் அப்படியே திருப்பி எடுத்துப் போவேன்.

நேற்று போண்டா வாசனை வந்ததும் எழுந்துவிட்டேன். மணி ஐந்தே முக்கால். "என்னம்மா, என்ன அவசரம்?" என்றார் அதிகாரி. தலைவலி என்று சொல்லலாம். பெண்ணைக் கூப்பிடப் போக வேண்டும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எத்தனையோ காரணம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"நிலுவை இல்லை சார். வேலை முடிஞ்சது, போறேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாலு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து குரல் கேட்டது. "இவங்களும் மணி பாத்துக் கிளம்ப ஆரம்பிச்சிட்டாங்க சார்." யார் சொன்னது என்று குரலிலேயே தெரிந்தது. அதற்குப் பின்னால் வந்த சிரிப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதும் தெரிந்தது. கதவு சாத்தியும் ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் கேட்டது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நீயும் இந்தப் படியில்தான் இறங்கிக்கொண்டிருந்தாய். என் குரல் உனக்குக் கேட்டிருக்கிறது. என் சிரிப்பும் கேட்டிருக்கிறது. மறுநாள் மெமோவை மடிக்கும்போதே உனக்கு ஆளைத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு மாதம் என் எதிரே உட்கார்ந்து சோறு தின்றாய், என் பெண்ணின் மறுபரீட்சைக்கு நோட்ஸ் வாங்கிக் கொடுத்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டி? "நீயாடி சொன்னே?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உன் காலில் விழுந்து அழுதிருப்பேனே. எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கினவள், அதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கக் கூடாதா?

கீழே வேப்பமரத்தடியில் வெயில் இன்னும் இருந்தது. நான் உங்கள் வழக்கத்தில் பிறந்தவள் இல்லை, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிற வீடு என் வீடு. இருந்தும் அங்கே நின்றிருந்த ஒரு ஸ்கூட்டி மேல் டப்பாவை வைத்துத் திறந்தேன். உப்புமா ஆறிக் கெட்டிப்பட்டிருந்தது. அழுகையோடு விழுங்கினேன், விக்கியது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றேன். மலைப் பக்கம் பொழுது இறங்குவதற்குள் டப்பா காலி.

கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கிறது.