நீ கையெழுத்துப் போடாத கடிதம்

இன்றைக்குக் காலையில் காப்பகத்து வாசலில் கொத்தனார் நீல டிரம்மைத் திறந்தார். கடுக்காயும் வெல்லமும் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த தண்ணீர். சுண்ணாம்புக் கலவைக்கு இதுதான் பிடிப்புக் கொடுக்குமாம். வாடை தெருமுனை வரைக்கும் போயிற்று. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, கட்டடத்துக்குக் கஷாயம் காச்சறியா?" என்று கேட்டிருப்பாய். அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை. பிள்ளைகள் தூங்கும் இந்த மதியத்தில் அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பழைய பிரசவ ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரி எப்போதோ மூடிப்போய், கட்டடம் ஊர் டிரஸ்டுக்கு வந்து, கம்பெனி லைனில் நின்று நின்று முழங்கால் போன நான் அதில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினேன். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பெண்கள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். கூரை ஒழுக ஆரம்பித்தது. மழைக்கு முன் சரிசெய்யாவிட்டால் காலிசெய்ய வேண்டும் என்று பஞ்சாயத்து ஆட்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். காப்பகம் போனால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான்.

படப்பையில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு மேலே உன் ஒற்றை அறை அலுவலகம். கம்பெனிப் பிள்ளைகளுக்கு வருமான வரித் தாக்கல் செய்து கொடுப்பாய். ஆடிட்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால், "ஆடிட்டர்லாம் இல்லப்பா, ஃபாரம் நிரப்பறவ" என்று திருத்துவாய். பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான். கூட்டலில் மூன்று மதிப்பெண் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னாய். உன் தாளில் அல்ல, என் தாளில்.

நோட்டீஸைப் படித்ததும் நீதான் வழி கண்டுபிடித்தாய். பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநன்மைக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். பழமையான கட்டடங்களைப் புதுப்பிப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. டிரஸ்டுக்கு எண்பது ஜி பதிவு வாங்கிவிட்டால், நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகையும் கிடைக்கும். "இடிச்சிட்டுப் புதுசா கட்டணும்னு கேட்டா நமக்கு முன்னாடி நூறு பேரு நிப்பான். பழசைப் பழசாவே நிக்க வைக்கறோம்னு கேளு" என்றாய். பதிவுக்கு அலைந்ததெல்லாம் நீதான். உன்னிடம் வரித் தாக்கலுக்கு வந்த பிள்ளைகளும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க முன்வந்தார்கள். புது வரி முறைக்கு மாறியவர்களை நிறுத்தி, "உனக்கு இதால வரி குறையாதுப்பா, தெரிஞ்சிகினு குடு" என்று சொன்னாய். இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் ஒரு கம்பெனி சம்மதித்தது. பழைய கட்டட வேலை தெரிந்த இன்ஜினியரை அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஊர் நம்முடையது. பெரிய மனிதர்கள் வரும்போது காரை உதிர்ந்த சுவரையா காட்டுவது? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் பிடித்து, முன்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, ரோஸ் பெயிண்ட் அடித்து வைத்தேன். வாசலில் படிக்கோலம் வேறு.

இன்ஜினியர் வந்து சுவரைச் சாவியால் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மேடம், பழைய கட்டடம்னு சொல்லித்தான் பணம் கேட்டிருக்கீங்க. இது எப்பப் பூசினது?" சிமெண்ட் பூசினால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே நொறுங்குமாம். மனு கொடுத்த பிறகு இப்படி மாற்றியிருந்தால் ஃபைலை மூடிவிடுவோம் என்றார். எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஒரு கடிதத்தோடு உன் மாடிக்கு வந்தேன். டிரஸ்ட் கைக்கு வரும் முன்பே யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். டிரஸ்டின் பொருளாளர் நீ என்பதால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். நீ படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

"பெயிண்ட் இன்னும் காயல. நீதான் பூசினே. வர்றவங்களுக்கு மரியாதைன்னு பூசினே. அப்டியே எழுது."

"ஃபைலை மூடிட்டா புள்ளைங்க எங்கடி போவும்?"

"பாதி வேலையில தெரிஞ்சா அப்பவே பணத்தை நிறுத்துவான். கூரையைப் பிரிச்சிப் போட்டுட்டு நிக்கணும். அப்ப எங்க போவும்?"

பேச்சில் தோற்கும்போது என் வாய் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். "உனக்கு இன்னா, புள்ளையா குட்டியா" என்றேன்.

நீ பேனாவை மூடி மேசைமேல் வைத்தாய். திட்டியிருக்கலாம். "இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் நான் உன்னோடு பேசவில்லை. காப்பகத்துக்குச் சாமான் வாங்க உன் மாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆட்டோவில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போவேன். பதினான்காம் நாள் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, நான் மட்டும் கையெழுத்துப் போட்டு, கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய். ஜெயித்துவிட்டதாக நீ சிரிப்பதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். பதில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பதினேழாம் நாள் காலையில், மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று உன் தம்பி போன் செய்தான்.

உன் காரியம் முடிந்த பிறகு இன்ஜினியர் வந்தார். சுவர் அடிபடாமல் சிமெண்டைக் கொத்தி எடுங்கள், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் சீருடையோடே உளி பிடித்தார்கள். உள்ளே சுண்ணாம்பு நன்றாகவே இருந்தது. பணம் வந்தது, கூரை முடிந்தது, இப்போது சுவர் வேலை நடக்கிறது. நோட்டீஸையும் எடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, ஃபைலை மூடாமல் வைத்திருந்ததற்கு நன்றி என்றேன் அவரிடம்.

"அதை உங்க ஃப்ரெண்டுக்குத்தான் சொல்லியிருக்கணும் மேடம். நான் வந்துட்டுப் போன மறுநாளே போன் பண்ணினாங்க. 'அவ உண்மையைத்தான் எழுதிக் குடுப்பா சார். கோவக்காரி, கொஞ்ச நாள் ஆவும். அதுவரைக்கும் மூடிடாதீங்க'ன்னாங்க."

மறுநாளே. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த மறுநாள்.

உண்மையை எழுதிக் கொடுத்த பிறகும் எனக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் படப்பையில் ஆட்டோ நின்றது. மேலே உன் அறையில் மின்விசிறி சுற்றியது தெரிந்தது. நான் இறங்கவில்லை.