வீரபாண்டிக் கடற்படை

டிசம்பர் 2, 1991. திங்கள்

காலையிலிருந்து மூட்டம். தூறலும் இல்லை, வெயிலும் இல்லை. முழங்கால் இரண்டும் மழை வரும் என்கின்றன. ரேடியோவைவிட நம்பகமானவை.

நைட் ஷிப்ட் முடித்து நெருப்பெரிச்சல் கம்பெனியில் இருந்து மொபெட்டில் வந்து சேர்ந்தால் வாசலில் ஒரு சாக்கு மூட்டை. பக்கத்தில் சூசை, குத்தவைத்தபடி. பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக: சூசை என்பவன் திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன். இங்கே சாயப்பட்டறையில் வேலை. முழங்கை வரை நீலம், குளித்தாலும் போகாது.

"அண்ணாச்சி, கொண்டாந்துட்டேன்."

"என்னத்தெ?"

"எஞ்சின். நீருதான சொன்னீரு, நான் கப்பல் எஞ்சினையே பிரிச்சு மாட்டினவன், கொண்டா பாப்பம்னு."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். நான் பார்த்த ஒரே கப்பல் காலண்டரில் இருந்தது. கடலையே பார்த்ததில்லை. பனியன் துணி ஓட்டும் மிஷினுக்கு மெக்கானிக், அவ்வளவுதான் நான். நல்லவேளை, என் சம்சாரம் சரசு பால் வாங்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் அங்கேயே சிரித்து மானத்தை வாங்கியிருப்பாள்.

படகின் பின்னால் மாட்டும் மோட்டார். அவன் அப்பாவுடையது. அவர் போனபின் கோழிக்கூண்டின் மேல் பல வருஷம் கிடந்ததாம். இப்போது அவன் மச்சான் வள்ளம் வாங்கியிருக்கிறார். கிறிஸ்துமசுக்குள் ஓடுகிற எஞ்சினோடு வந்தால் வள்ளத்தில் பங்கு. வராவிட்டால் வேறு ஆள். பங்கு கிடைத்தால் பெண்டாட்டி, இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் நீலக் கை நீலக் கையாகவே.

"ஆவும்லா அண்ணாச்சி?"

"ஆகாம என்ன? ரண்டு நாளு."

ஏன் என் வாய் என்னைக் கேட்காமலே பேசுகிறது? தூக்கம் வருகிறது.

டிசம்பர் 4, புதன்

கரண்ட் இல்லை. பகல் வெளிச்சத்தில் பிரித்தேன். உள்ளே கிடைத்தவை:

கோழி எச்சம், பாறை பதத்தில்.
குளவிக் கூடு ஒன்று. குடியிருப்போர் இல்லை.
பிஸ்டன், சிலிண்டரோடு கல்யாணம் ஆனது போல ஒட்டிக்கொண்டது.
பேர்த்தகடு. எழுத்து எல்லாம் உப்பு தின்றுவிட்டது. லண்டனில் செய்ததாக சூ. சொல்கிறான். மகாராணியே உட்கார்ந்து செய்ததாக நாளைக்குக் கம்பெனியில் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாயிற்று. சரசுவின் பெரிய அலுமினியப் போசியில். கேட்காமல்.

டிசம்பர் 7, சனி

முதலில் பெருமை, பிறகு சிறுமை.

பிஸ்டன் கழன்றது. மொபெட்டின் கண்டென்சரைக் கழற்றி இதில் மாட்டினேன் (மொபெட் இப்போது சைக்கிள்). கார்புரேட்டரை ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம். பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஜன்னல் கட்டையில் இறுக்கி மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இழுத்தேன். தோள் தனியே கழன்று கொங்கு நாடு முழுக்கப் போய் வந்தது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் ஒரு கர்ஜனை! லைன் வீடு பூராவும் வெளியே ஓடி வந்துவிட்டது. யானை வந்துவிட்டதாகக் கடைசி வீட்டுக்காரர் சத்தம். புகையில் சரசுவைக் காணோம். குரல் மட்டும் வந்தது.

"ஏனுங்க! ஊட்டுக்குள்ள இருக்கறமா, பஸ் ஸ்டாண்டுல இருக்கறமா?"

இரண்டு மூன்று நிமிஷம் நான் சக்கரவர்த்தி. அதற்குப் பின் ரப்பர் கருகும் நாற்றம். எஞ்சின் தானாகவே செத்தது.

சூசை பட்டறையில் இருந்து வந்து பார்த்தான். கீழ்ப்பாகத்தைத் தொட்டான், கையை உதறினான்.

"தண்ணி காட்டாமலா ஓட்டினீரு?"

எங்கள் ஊரில் தண்ணி காட்டுவது மாட்டுக்கு. இந்த ஜாதி எஞ்சின் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தத் தண்ணீரையே குடித்துத்தான் சூடு தணியுமாம். உள்ளே அதற்கென்று ஒரு ரப்பர் விசிறி. அது இப்போது அல்வா.

என் மேல் குற்றமா? எங்கள் நிட்டிங் ஷெட்டில் மிஷின் பக்கம் தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்தவனை நான் துரத்தித் துரத்தித் திட்டியிருக்கிறேன். ஒரு சொட்டு பட்டால் ஊசி துருப்பிடிக்கும், துணி பூராவும் கோடு விழும். இத்தனை வருஷம் தண்ணீரை விரட்டிய கை, எஞ்சினைத் துணி போட்டுத் துடைத்து, ஈரம் படாத மூலையாகப் பார்த்து வைத்தது. சூ. கருகிய ரப்பரைச் சுரண்டித் தாளில் மடித்து வைத்தான். அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

ஷிப்மென்ட் அவசரம். ஊசி மாற்றி ஊசி மாற்றிக் கண் பூத்தது. பஞ்சுத் தூசி மூக்கில், காதில், சோற்றில்.

ரப்பர் விசிறி கோயமுத்தூரிலும் இல்லை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படகுக்குங்களா? எந்த ஊருங்க?" திருப்பூர் என்றேன். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்து என்னைக் காட்டினார்.

டிசம்பர் 12, வியாழன்

மழை. கடைசியில்.

சாயப்பட்டறையில் ஈரத்துணி பிழியும் உருளை ஒன்று தேய்ந்து வெளியே கிடந்ததாம். சூ. அதன் ரப்பரை ஒரு துண்டு அறுத்து வந்தான். இரண்டு பேரும் பிளேடால் செதுக்கி ஆறு இதழ் விசிறி. பார்க்கச் செம்பருத்தி மாதிரி. நான்தான் செதுக்கினேன் என்று எழுத ஆசை. நான்கு இதழ் அவன், இரண்டு நான். என்னுடைய இரண்டும் கோணல்.

பட்டறைப் பின்கட்டில் பேரலில் தண்ணீர் நிரப்பி மாட்டினோம். இழுத்ததும் பிடித்தது. பக்கத்துத் துவாரத்தில் இருந்து தண்ணீர் பீச்சியடித்தது, கருநீலமாக. முந்தின நாள் சாயம் பேரலில் மிச்சம் இருந்திருக்கிறது. என் வேட்டி இனி நேவி ப்ளூ. கடற்படைக்குச் சீருடை வந்துவிட்டது.

சூ. கேட்டான்: "இது பேரல்ல ஓடுது. பாரம் இழுக்குமா? ஆத்துலயாவது வச்சுப் பாக்கணும் அண்ணாச்சி."

ஆறா? கணியூரில் என் அக்கா வீடு. அமராவதி வாசலில் ஓடுகிற மாதிரி. மச்சானிடம் பரிசல் இருக்கிறது. இந்தக் கடற்படைக்கு இல்லாத வசதியா?

டிசம்பர் 15, ஞாயிறு

உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும். இருந்தாலும் இதை எழுதியே ஆக வேண்டும்.

பனியன் வேஸ்ட் துணியில் எஞ்சினைச் சுற்றி, உடுமலை வழியாகக் கணியூர். மச்சான் பழனிச்சாமி ஆற்றோரம் நின்று எஞ்சினை வெகுநேரம் பார்த்தார்.

"அதெல்லாஞ் செரி மாப்ளே. பரிசலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

"எஞ்சின் மாட்டற பக்கம் பின்பக்கமுங்க."

சூசை என் சட்டையை இழுத்தான். "அண்ணாச்சி, இது வட்டமால்லா இருக்கு. வள்ளம்னா மூக்கு இருக்கும். இது சுத்தும்லா?"

"கடல் வேற, ஆறு வேற சூசை. உக்காரு."

சுற்றியது. நகரவே இல்லை. அப்படியே நின்ற இடத்தில் சுற்றியது. தென்னந்தோப்பு, மச்சான், எருமை. தென்னந்தோப்பு, மச்சான், எருமை. உலகம் உருண்டை என்று வாத்தியார் சொன்னபோது நம்பாதவன் நான். அது சுற்றவும் செய்கிறது என்று இன்று நேரில் கண்டேன். காலையில் தின்ற இட்லி அமராவதிக்கு அர்ப்பணம். கரையில் இருந்து மச்சான் கை தட்டுகிறார்: "மாப்ளே, மாவு பதமாயிருச்சு! எறங்குங்க!"

எஞ்சின் பிடியைப் பிடித்திருந்த சூசை சிரித்தான். தலையை அண்ணாந்து, வாய் நிறைய. இந்த லைன் வீட்டுக்கு வந்த நாளாக அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஓடுது அண்ணாச்சி! இழுக்குது பாரும்! ஓடுது!"

நான் பரிசலின் விளிம்பில் குப்புறக் கிடந்தபடி ஆமாம் என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

அலசித் துடைத்துப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறையில் ஒரு விரிசல். தலைமுடி அளவு. என்றைக்கு விழுந்ததோ. எஞ்சின் சூடாகச் சூடாக வாய் திறக்கும், தண்ணீர் உள்ளே கசியும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓட்டினால் தெரியாது. தூரம் போனால் தெரியும்.

தூரம் என்றால் கடல். நடுவில் நின்றால்?

பசை பூசி வைத்தேன். சூ. கேட்டதற்கு "ஜம்முனு இருக்குது" என்றேன். அவன் தன் பெண்பிள்ளைகளுக்குக் கம்பெனியில் தள்ளிவிடும் செகண்ட்ஸ் பனியன் கேட்டு வைத்திருக்கிறான். சிவப்பு வேண்டுமாம். நீலம் வேண்டாமாம்.

டிசம்பர் 21, சனி

நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சரசு கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னமோ மறைக்கறீங்க. பொய் சொன்னா உங்க மூஞ்சி பளபளன்னு இருக்குமுங்க. இப்பப் பாருங்க, கருவாடாட்டம்."

சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட ஆயிரம் அளங்க. கடலுக்குள்ள போறவங்கிட்ட அளக்காதீங்க."

சூசையிடம் போய்ச் சொன்னேன். விரிசலைத் தொட்டுக் காட்டினேன். நான் கப்பல் எஞ்சின் எதையும் பிரித்ததில்லை என்பதும் அதே மூச்சில் வந்துவிட்டது. கடல் பார்த்ததில்லை என்பதும். பங்கு போச்சு என்று உட்காருவான், அல்லது என்னை அடிப்பான் என்று நினைத்தேன்.

சூசை விரிசலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"அண்ணாச்சி, இது எங்கய்யா காலத்துல மட்டும் எப்பம் ஒழுங்கா ஓடிச்சு? போவும்போது ஓடும். வரும்போது தூக்கி உள்ள போட்டுட்டு காத்துக்குப் பாய விரிச்சு வருவோம். நின்னா நிக்கட்டும். சொன்னீரே, அது போதும். சொல்லாம விட்டிருந்தாத்தான் பாயி இல்லாமப் போயிருப்பேன்."

திரும்பி வந்து இரண்டு தட்டு சோறு. அசதியாக இருந்தது. நல்ல அசதி.

டிசம்பர் 23, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். தெற்கே போகிற எல்லாரும் இன்றைக்கே போகிறார்கள். கண்டக்டர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, கனமா?"

சூசை என்னைப் பார்த்தான். என்ன அளப்பேன் என்று காத்திருந்தான். விமானத்தின் பாகம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"எஞ்சினுங்க. பழசு. பாத்து வையுங்க."

சூ. ஏமாந்த மாதிரி இருந்தது. பஸ் நகர்ந்தபின் ஜன்னல் வழியாக நீலக் கை மட்டும் ஆடியது. நான் நேராக ஷிப்டுக்கு.

டிசம்பர் 25, புதன்

லீவு இல்லை. அடுத்த கதவில் பூட்டு. ஒன்பதாம் நம்பர் மிஷினில் துணி கிழிந்து கிழிந்து விழுகிறது. யாரிடமும் எதுவும் அளக்கவில்லை. கேட்க ஆளில்லை.

டிசம்பர் 28, சனி

மளிகைக்கடைக்கு போன். கடைக்காரர் தெருவில் நின்று கூப்பிட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரே இரைச்சல். சூசை கத்துகிறான்.

"ஓடிச்சு அண்ணாச்சி!"

"எவ்வளவு தூரம்?"

"பாதி!"

"மீதி?"

"பாயி! மச்சான் பங்கு தாரேன்னுட்டாவ. பாதிப் பங்கு. எஞ்சின் போன தூரத்துக்குப் பங்காம்!" சிரிக்கிறான், பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும். "மீதிப் பாதிய நீரு வந்துதான் ஓட வைக்கணும். பொங்கல் வரைக்கும் பொறுக்கேன்னு சொல்லியிருக்காவ. வாரும் அண்ணாச்சி. கடல நேர்ல பாத்த மாதிரியும் இருக்கும்."

லைன் போய்விட்டது.

சரசுவிடம் சொன்னேன். பாதிக் கடலைக் கடந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சிலோன் என்றேன். அவள் என் நீல வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க. கடலெ ஒருக்காப் பாத்துட்டாச்சும் வந்து பொய் சொல்லுங்க."

டிசம்பர் 30, திங்கள்

பனி. மொபெட்டுக்குப் புதுக் கண்டென்சர் வாங்க வேண்டும். ஈயம், பற்றவைக்கும் சாமான், பட்டறை ரப்பர் இன்னும் ஒரு துண்டு.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர், சின்ன வயசுத் தம்பி, வாய்விட்டுப் படித்தார்: "கடலில் படகு எஞ்சின் நின்றுவிட்டபடியால் அதைப் பழுது பார்க்க நான் நேரில் செல்ல வேண்டியுள்ளது." துணி சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் எல்லாம் மேசையில் தலையை வைத்துச் சிரிக்கிறார்கள். நான் இந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த முதல் உண்மை அது.

"ஏனுங் மாமா, ஷிப்மென்ட் நேரத்துல வெளையாடறீங்களா? நம்பற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

பெரியப்பா செத்துவிட்டதாக எழுதினேன். உடனே கையெழுத்துப் போட்டார்.