குச்சியா, பொத்தானா?

மதியம் நீ வந்துவிடுவாய் என்று உன் அக்கா போன் செய்தார்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு கம்மி, போட்டுக்கொள்.

எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. கம்பெனியில் இரண்டு போன் கொடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை இன்று மாலைக்குள் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள். ஒன்று, பெரிய திரையைக் குச்சியால் தொட்டு எழுதுவது. மற்றது கைக்கு அடக்கமானது, பொத்தான் வைத்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குப் பொத்தான்தான் சௌகரியம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே கட்டைவிரலால் அடித்துவிடலாம்.

நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மறுநாள் அப்படித்தான் அடித்தேன். "நாளைக்கு வரட்டுமா?" என்று நீ கேட்டதற்கு, "வந்தா வா, இல்லன்னா அங்கயே இரு." யோசிப்பதற்குள் போய்விட்டது.

நேற்று இன்னும் நன்றாகத் திட்டலாம் என்று குச்சியை எடுத்தேன். எழுத்தைத் தேடித் தேடிக் குத்தி முதல் வரி முடிவதற்குள் கோபம் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு "வா" என்று மட்டும் அனுப்பினேன்.

இதில் எதைத் திருப்பிக் கொடுப்பது? வேலைக்கு அது, வீட்டுக்கு இது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பீரோ சாவி உன் தலையணைக்கு அடியில்.

இன்னொன்று. பொத்தான் போனை வேலைக்கு எடுத்துப் போகிறேன். குச்சி போன் மேசைமேல் இருக்கிறது, அதிலும் சிம் போட்டிருக்கிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் அதிலேயே எழுது.