கடுக்கன் அரிசிப் பானையில்

சாவித்ரி,

ஊரிலிருந்து வரும் தம்பி மஹாதேவனையும் அவன் பெண்டாட்டியையும் அழைத்துவர ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகிறேன். நீ காளிகாட்டிலிருந்து திரும்பினால், சாவி பக்கத்து வீட்டு வங்காளி மாமி, பௌதியிடம் இருக்கிறது. ரசத்தை மூடி வைத்திருக்கிறேன்.

நாளை காதுகுத்தும்போது குழந்தையைத் தம்பி மடியில்தான் வைக்கப்போவதாக மாப்பிள்ளை நேற்றுச் சொன்னார். "பேஷா செய்யுங்கோ" என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் ஆபீஸிலிருந்து டிராம் ஏறாமல் பவானிபூர் வரை நடந்தே வந்தேன். எதற்கென்று தெரியவில்லை. கூடவே இருக்கும் மூத்த மாமா நான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்பதாலா? தம்பதியாக உட்கார வேண்டுமென்றால் நீயே என்னிடம் சொல்லியிருக்கலாமே. உன்மேல் கோபமா, என்மேலேயே வெட்கமா, ஒன்றும் புரியவில்லை. தம்பி வருகிறான் என்று சந்தோஷமாகவும் இருக்கிறது.

மாமன் போட வேண்டிய கடுக்கனைப் போன வாரமே வாங்கிவிட்டேன். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. மஹாதேவன் கொண்டுவந்தது என்றே எல்லோரிடமும் சொல்.

பட்டாபி அண்ணா

பாலை உறியில் வைத்திருக்கிறேன். பூனை வருகிறது.

இன்னொன்று. குத்தும்போது குழந்தை அழுவான். எதிரே நின்று கிலுகிலுப்பை ஆட்டட்டுமா? அதற்குத் தம்பதி வேண்டாமே.