வடவாசலை மூடிய அரசன்

வந்தவாசி அருகே
2.11.2025

அன்புள்ள தம்பி ஸ்ரேயாஸுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? ஃபோனை இங்கே ஒப்படைத்துவிட்டேன். இனிக் கடிதம்தான், அதுவும் டிசம்பர் ஏழு வரை. அன்று மடத்தின் மாதாஜி எனக்குச் சமணத் துறவு தருகிறார். பிறகு என்னிடம் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். அப்பா இல்லாததால் வீட்டின் சம்மதத்தை நீ எழுதித் தர வேண்டும்.

இன்னொரு கையெழுத்தும் வேண்டும். பள்ளிக்கூட நாளில் நாம் இருவரும் எழுதத் தொடங்கிய கற்பனைச் சரித்திரம். நெடுஞ்செவியரின் காடு என்னுடையது, பச்சை மை. குறளரின் மலை உன்னுடையது, கறுப்பு மை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள், பதினொரு நோட்டுகள். இருவரும் கையெழுத்திடாமல் எந்த அரசும் முடியாது என்பது நம் சட்டம்.

என் கடைசிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். சாவே இல்லாத அரசி ஈரிலை, முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டைவிட்டு நடந்துபோகிறாள்.

இரண்டிலும் கையெழுத்துப் போடு.

அக்கா சுனந்தா

*

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
8.11.2025

அக்கா,

நலம் என்று எழுத வரவில்லை. தீபத்துக்கு நம் லாட்ஜில் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. அம்மா உன் பேச்சை எடுப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, யாரும் தொடாத உன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறாள்.

நோட்டுகளை மொட்டைமாடியில் பரப்பிப் படித்தேன். எதிரே மலை. அறை கூட்டும் ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், பரீட்சையா?"

"குள்ள ராஜாவோட சரித்திரம்மா."

"ராஜாவே குள்ளமா? அப்ப சிம்மாசனம் ஏற ஸ்டூல் போடணுமே!"

சிரித்தேன். அவள் போனதும் உன் பக்கத்தின் அடியில் எழுதினேன்:

'விடைபெற வந்த ஈரிலை மலைக்குள் நுழைந்ததும் குறளர் அரசன் உளியன் வெளியே நின்று வடவாசலை மூடினான். உள்ளிருந்து திறக்க முடியாத கதவு.'

சம்மதமும் தர மாட்டேன்.

ஸ்ரேயாஸ்

*

வந்தவாசி அருகே
15.11.2025

தம்பி,

கோபம் வந்தது. விட்டுவிட்டதாக நினைத்திருந்த கோபம். என் அரசியைத் தொட உனக்கு உரிமை இல்லை. இத்தனை வருடத்தில் நீ ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை.

மாதாஜியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் விடப் போற பொண்ணு, இல்லாத ராணிக்காக அழறியேம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகை நிற்கவில்லை.

நீயே எழுதிய விதி: குறளருக்கு ஆயுள் நானூறு. உளியன் சாவான். அவன் மகன் சாவான். பேரன் சாவான். ஈரிலை இருட்டில் உட்கார்ந்திருப்பாள், முகம் கோணாமல். எத்தனை பேரைக் காவலுக்கு நிறுத்தப் போகிறாய்?

நீ சம்மதிக்காவிட்டால் மாதாஜி துறவு தர மாட்டார். நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா வைக்கும் தட்டில் சாப்பிடுவேன். உன்மேல் கோபப்படக்கூட மாட்டேன்.

யோசி.

சுனந்தா

*

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
29.11.2025

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "கதவாண்ட எவ்ளோ நாள்டா நிக்கப் போற?" என்று கேட்டாள். உன் தட்டைத் துடைத்து அலமாரியின் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

சம்மதம் இணைப்பில் இருக்கிறது. இரண்டு முறை கிழித்து எழுதியது.

ஏழாம் தேதி வருகிறோம். அதற்குமேல் உன்னை அக்கா என்று கூப்பிடக்கூடாதாம். கும்பிடுவேன். கூட்டத்தோடு கூட்டமாக.

நோட்டில் கறுப்பு மையில் இவ்வளவுதான் எழுதினேன்:

'உளியன் வடவாசலைத் திறந்தான். ஈரிலை வெளியே வந்து நடந்தாள்.'

கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அவள் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாளா என்பது காட்டின் சரித்திரம். அதை நான் எழுத முடியாது. உனக்காக ஒரு வரி விட்டிருக்கிறேன். பச்சைப் பேனாவுக்கு மை நிரப்பி நோட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
டிசம்பர் ஏழு வரை