தோற்றவள் வீட்டு வாசல்

அண்ணே,

நேற்று வாக்கு எண்ணும் கூடத்தில் யாரோ கிராம்பு மென்றுகொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். மேடையில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடும் என்று நீங்கள் எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பீர்கள். போன இரண்டு தேர்தல்களிலும் எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு முறையும் உங்களிடம்தான் தோற்றேன். இந்த முறை அந்த பெஞ்சில் வேறொருவர். நீங்கள் திடீரென்று போய்விட்டதால் காலியான இடத்துக்குத்தானே இந்த இடைத்தேர்தல்.

நம் தொகுதி எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியாததா? கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அடுத்த தெரு வந்துவிடும். போன தேர்தலில் உங்கள் ஊர்வலமும் என் ஊர்வலமும் குருசுக்குப்பத்தில் ஒரே சந்தில் முட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி அலறியது. ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்கள். நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தீர்கள்.

"மைக்க நிறுத்தச் சொல்லும்மா. உள்ள ஒரு வூட்ல சாவு. ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வந்துடலாம்."

இறந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர். அவர் கால்மாட்டில் நாம் சேர்ந்து நின்றோம். வெளியே வந்தபோது இரண்டு கட்சிக் கொடிகளும் தாழ்ந்திருந்தன. சந்து முனை வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தைக் கத்த வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடங்க வைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதைவிடப் பெரியது ஒன்றை நீங்கள் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இந்த முறை வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனபோது உங்கள் வீட்டருகே கால் தயங்கியது. தாண்டிப் போய்விடலாம் என்றார்கள் கூட வந்தவர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, படியேறினேன். உங்கள் கட்சி முதலில் அண்ணியைத்தான் நிற்கச் சொல்லியிருந்தது. அவர் மறுத்த பிறகே வேறொருவரை நிறுத்தினார்கள். அண்ணி எனக்குக் காப்பி கொடுத்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னேன். தோற்ற பிறகும் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று ஜனங்கள் என் வாசலுக்கு வந்துகொண்டே இருந்ததால்தான் அரசியலை விடாமல் இருந்தேன் என்று.

அண்ணி என்னையே பார்த்தார்.

"அவருதாம்மா அனுப்புவாரு" என்றார்.

உங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேரை, அந்தம்மாகிட்ட போங்க, புடிச்சா விடாது என்று என்னிடம் திருப்பி விடுவீர்களாம். எதிர்த்து நிற்பவளிடம் நம் ஓட்டை அனுப்புவானேன் என்று அண்ணி கோபித்துக்கொண்டாராம். அதற்கு நீங்கள் சொன்னதை அவர் உங்கள் குரலிலேயே சொன்னார்:

"ஜெயிச்சவன் வூட்ல மட்டும் கூட்டம் இருந்தா ஊரு கெட்டுப் போவும். தோத்தவங்க வூட்லயும் இருக்கணும்."

காப்பி கையிலேயே ஆறிப்போனது. உங்களைக் கேள்வி கேட்க ஒருத்தி வேண்டும் என்று, அந்த ஒருத்தியை நீங்களே பிழைக்க வைத்திருக்கிறீர்கள். சட்டசபை வாசலில் உங்களுக்கு எதிராக நான் கோஷம் போட்ட நாட்களிலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். படியிறங்கி வந்ததும் என்ன ஆச்சு என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள். நான் அடுத்த வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டினேன்.

நேற்று மூன்றாம் முறையாகத் தோற்றேன். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்கு நடந்து வரும்போது தோல்வி அவ்வளவாக வலிக்கவில்லை. இனி அனுப்ப நீங்கள் இல்லை, யார் வருவார்கள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

இன்று காலை கதவைத் திறந்தால், பெரிய மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி நிற்கிறார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். உட்காரச் சொல்வதற்கு முன்பே, உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"யாரு அனுப்பணும்? நாங்க எப்பவும் இங்கதான வருவோம்" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்குப் புது எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறேன், அண்ணே. முதலில் அந்த ஆஸ்பத்திரி விஷயம். பிறகு, அவர் எதிரில் நான் இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.