உப்பு வில்லை

பிப்ரவரி 4

என் அன்புக் குள்ளிக்கு,

நலமா? நான்கு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் திட்டியாவது எழுதக் கூடாதா?

உப்புத் தூளை அழுத்தி நாம் சேர்ந்து செய்த அந்த உப்பு வில்லை என்னை ஆய்வகத் தலைவி ஆக்கப்போகிறது. பதினெட்டாம் தேதி தேர்வுக் குழுவின் முன் (நமக்குப் பாடம் எடுத்த கிழவரும் அதில் இருக்கிறார்) அதைச் சூடேற்றி, மின்சாரம் பாய்வதைக் காட்ட வேண்டும். ஆனால் நான் புதிதாக அழுத்திய எந்த வில்லையிலும் மீட்டர் முள் அசையவில்லை. நீ செய்த அந்தப் பழையது மட்டும்தான் கடத்துகிறது. ஒன்றே ஒன்று என்பதால் உடைந்துவிடுமோ என்று சூடேற்றிப் பார்க்கவும் பயம். ஏதாவது கைப்பக்குவம் வைத்திருந்தாயா?

வில்லையைப் பற்றிய கட்டுரையில் உன் பெயர் விடுபட்டதை இன்னும் மனதில் வைத்திருக்காதேடி. தலைவியானதும் உனக்கு ஒரு வேலை போட்டுத் தருகிறேன்.

உன் நெட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

சுகம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பையே அழுத்திக் கொடுத்தவளை இப்போதாவது நினைத்தாயே, சந்தோஷம்.

கைப்பக்குவம் ஒன்றும் இல்லை. உலோகத்தில் எலக்ட்ரான்கள் வேலை வெட்டி இல்லாதவர்களைப் போல் திரிகின்றன, அதனால் கடத்துகிறது. உப்பில் அயனிகள் அவரவர் இடத்தை விட்டு நகர்வதில்லை, உருக்கினால்தான் எழுந்து நடக்கும். திடமாக இருக்கும்போதே நம் வில்லை கடத்தியது என்றுதானே எல்லோரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்? பழையதையே எடுத்துப் போ. தாராளமாகச் சூடேற்று. உப்பு என்றால் சூடு ஏற ஏற முள்ளும் ஏறத்தான் வேண்டும்.

குள்ளி

பிப்ரவரி 19

குள்ளி,

சூடு ஏற ஏற முள் இறங்கியது. நம் கிழவர் சிரித்துவிட்டார். "என்னம்மா இது, சூடானா இறங்குது, உலோகம் மாதிரியில்ல நடந்துக்குது!" என்று சொல்லி, கத்தியை எடுத்து வில்லையின் ஓரத்தைச் சுரண்டினார். முள் பூஜ்யத்தில் விழுந்தது. கம்பி ஒட்டுவதற்காக இரு பக்கமும் தடவிய வெள்ளிப் பூச்சு ஓரமாக வழிந்து ஒன்று சேர்ந்திருந்ததாம். இத்தனை வருடமும் மின்சாரம் வெள்ளி வழியாகத்தான் போயிருக்கிறது.

பதவி போய்விட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயா? இது என் வாழ்க்கையடி!

நெட்டை

பிப்ரவரி 24

நெட்டைக்கு,

தெரியும். பூச்சு காய்வதற்குள் பொறுமையில்லாமல் வில்லையை நிமிர்த்தி வைத்தவள் நீ. அது ஓரத்தில் வழிந்திருந்ததைப் பிறகு நான் பார்த்தேன். உன்னிடம் சொல்லத்தான் ஓடி வந்தேன். உன் மேசையில் அச்சான கட்டுரை கிடந்தது. என் பெயரைத் தேடினேன். "உன் பேரையும் போட்டா என் பேரு எடுபடாதுடி" என்று சிரித்தாய். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கும்படி அந்தக் கிழவருக்கு எழுதியதும் நான்தான். பதவி போனதாக நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, இனித்தது.

இனி அந்தக் கட்டுரையைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் முதலில் இதை யார் எழுதியது என்றுதான் பார்ப்பார்கள். என் பெயரை விட்டதற்கு நன்றி.

குள்ளி